மென்னோனைட், குவேக்கர் என்ற இரண்டு கிறிஸ்தவப் பிரிவுகளின் மரபுகளைச் சேர்த்து ஒரே திருமணமாக நடத்துவது எப்படி?

பழைய முறைக் குவேக்கர் கல்யாணத்தில் நடத்திவைக்கப் போதகர் கிடையாது. எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருக்க, மணமக்களே எழுந்து கைபிடித்து வாக்குக் கொடுப்பார்கள். ஏனென்றால் சேர்த்துவைப்பவர் கடவுள், நாம் சாட்சிகள் மட்டுமே என்று குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1669-இலேயே சொல்லிவிட்டார். அப்புறம் மொய் நோட்டில் வந்தவர் பெயரெல்லாம் ஏறுவதுபோல, சின்னப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் திருமணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள், எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான். மென்னோனைட் பக்கம் போதகர், பிரசங்கம், வாத்தியமில்லாமல் சபையே நான்கு குரலில் பாடும் பாட்டு. சத்தியம் செய்வதை இரண்டு மரபும் ஏற்பதில்லை, அதனால் வாக்குறுதியில் சிக்கல் வராது. முதலில் பாட்டு, சின்னப் பிரசங்கம், பிறகு மௌனம், அதற்குள் வாக்குறுதி என்று வைத்தால் சரியாக வரும்.

எல்லாரும் கையெழுத்திட்ட பத்திரமே சட்டத்துக்குப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது: குவேக்கர் ஒருவர் நிறுவிய அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவில்கூட போதகர் இல்லாத திருமணத்துக்கென உள்ள தனி உரிமத்தை வாங்கி, இரண்டு சாட்சிகள் அதில் கையெழுத்திட வேண்டும்.