நத்தை ஓடு வெப்பமானியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் நுஸ்லாக் லோயஸ் மண் (பழங்காலத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த தூசு மண்) பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நத்தை ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை) அளந்தாலே அன்றைய வெப்பநிலை தெரிந்துவிடுமே? அடுக்குக்கு 10 லிட்டர் மண்ணைக் கழுவிப் பொடி ஓடுகளை எண்ணுவானேன்?

கே.

அன்புள்ள கே.,

அப்படித் தெரிந்துவிடாது. கடல் உயிரிகளின் ஓட்டை வைத்துப் பழகியவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் நத்தை இருப்பது கடலில் இல்லை. அதன் உடம்புநீர் மழையிலிருந்து வருகிறது, தோல் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் 1 டிகிரி கூடினால், ஓடு படியும்போது அதில் சேரும் கனமான ஆக்சிஜன்-18 ஆயிரத்துக்குச் சுமார் 0.2 குறையும். அதே 1 டிகிரிக்கு மிதவெப்ப நாடுகளின் மழையில் அது சுமார் 0.6 கூடும். காற்று காய்ந்திருந்தால் லேசான ஆக்சிஜன்-16 முந்திக்கொண்டு ஆவியாக, கனமானது உடம்பில் தங்கும். மூன்றும் சேர்ந்து ஒரே எண்ணாக வருகின்றன, பிரிப்பது எப்படி? போதாததற்கு, வறட்சியில் நத்தை ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும், ஓடு வளராது. ஆகவே ஆண்டுச் சராசரி அதில் பதிவதே இல்லை.

ஓடுகளை எண்ணிப் பெறும் நத்தை இனங்களின் விகிதத்தில் இந்தக் குழப்பம் குறைவு. கொலுமெல்லா கொலுமெல்லா என்ற நத்தை இனம் இன்று ஸ்காண்டிநேவியாவின் வடக்கிலும் ஆல்ப்ஸ் உயரங்களிலும் வாழ்கிறது. அது ரைன் சமவெளி மண்ணில் கிடைத்தால் குளிரை விளக்க வேண்டியதில்லை. புபில்லா மஸ்கோரம் மட்டுமே மலிந்தால் திறந்த, காய்ந்த தரை. சக்சினெல்லா ஓப்லாங்கா பெருகினால் ஈரம்.

கழுவுவதில் முக்கியம், மண்ணை முதலில் நன்றாகக் காயவிடுவது. காய்ந்த கட்டி நீரில் பொலபொலவென உதிரும், ஈரக்கட்டி களிபோல நிற்கும். உள்ளே காற்றுள்ள ஓடுகள் மிதக்கும், அவற்றை 0.5 மி.மீ. சல்லடையில் வடித்துவிட்டு, அடிச்சேற்றையும் அதே சல்லடையில் மெல்ல அலசுங்கள். விரலால் தேய்த்தால் நொறுங்கும். 1 மி.மீ. சல்லடை போட்டால் குஞ்சுகளும் உச்சித் துண்டுகளும் ஓடிவிடும். நமக்கு வேண்டியதே ஓட்டின் கூர்முனையான அந்த உச்சிதான்: நுண்ணோக்கியில் உச்சி ஒன்றுக்கு நத்தை ஒன்று. வாய்த்துண்டையும் சேர்த்தால் ஒரே நத்தை இருமுறை கணக்கில் ஏறும்.

மொத்தம் 20 ஓடுதான் என்றால் ஒன்று கூடினாலே விகிதம் ஏறத்தாழ 5 சதவீதம் நகரும். 150, 200 சேர்ந்தால்தான் நம்பலாம். சில அடுக்குகளில் அதற்கு 10 லிட்டரும் போதாது.

எண்ணும்போது கண்ணாடிபோலப் பளபளக்கும் மெல்லிய ஊசி ஓடு வந்தால் ஒதுக்குங்கள். அது செசிலியாய்டிஸ் அசிக்குலா, மண்ணுக்குள் ஆழமாகத் துளைத்துப் போகிற இனம். நேற்றுச் செத்ததாகவும் இருக்கலாம்.

ஐசோடோப் வீண் என்று சொல்லவில்லை. எண்ணி முடித்தபின், ஒரே இனத்தில் பல ஓடுகளை எடுத்து, எக்ஸ்ரே விளிம்பு விலகலில் (படிக வகையைக் காட்டும் சோதனை) அரகோனைட், அதாவது நத்தை ஓட்டின் இயல்பான கால்சியம் கார்பனேட் படிகம், மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஐசோடோப் அளவீட்டுக்கு அனுப்புங்கள். அதே பொருளின் வேறு படிகமான கால்சைட் தென்பட்டால் அந்த ஓடு மண்ணுக்குள் கிடந்தபோது மாறிவிட்டது அல்லது மேலே சுண்ணாம்பு படிந்திருக்கிறது. சுத்தம் செய்தும் போகாவிட்டால் அதை அளக்க வேண்டாம்.