வாசகர் கேள்வி–பதில்: என்ஜின் மாற்றிய பழைய காரில் கார்புரேட்டர் ஒயரிங்

கேள்வி: எங்கள் பழைய காரில் வேறொரு காரின் என்ஜினை அதன் கார்புரேட்டரோடு இறக்கியிருக்கிறோம். கார்புரேட்டரில் இரண்டு ஒயர்கள் இருக்கின்றன. சோக் மூடியில் ஒன்று, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய உருளையில் ஒன்று. இரண்டையும் இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட்டேஜ் தருவது) பிளஸ் முனையில் சேர்த்தோம். ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது. சூடான பிறகும் கரும்புகை வருகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை.

பதில்: கார்புரேட்டரை மறுபடி கழற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் அந்தக் காயில் இணைப்பே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பக்கவாட்டு உருளை ஐடில் கட்-ஆஃப் சொலினாய்டு. 12 வோல்ட் கிடைத்தால் அதன் ஊசி உள்ளே இழுத்துக்கொண்டு ஐடில் ஜெட்டுக்கு வழிவிடும். மின்சாரம் இல்லையென்றால் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வருவதால் என்ஜின் ஓடுகிறது. காலை எடுத்தால் ஐடில் ஜெட்தான் ஒரே வழி, அது மூடியிருக்கிறது. சோக் மூடிக்குள் ஒரு ஹீட்டர் காயிலும் அதன் சூட்டில் விரியும் உலோகச் சுருளும் இருக்கின்றன. ஹீட்டருக்குப் போதிய வோல்ட்டேஜ் வராவிட்டால் சுருள் விரியாது. காற்றைக் குறைக்கும் சோக் தகடு பாதி மூடியபடியே நிற்கும், புகை கறுக்கும்.

பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் சுவிட்ச்) வைத்த பல பழைய கார்களில் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வழியில், மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். சில கார்களில் அது தனிப் பொருளாகக் கண்ணில் படாது, ரெசிஸ்டன்ஸ் ஒயராக லூமுக்குள்ளேயே (ஒயர்க் கட்டு) ஓடும். ஏறக்குறைய 1.5 ஓம். அதனால் என்ஜின் ஓடும்போது காயிலின் பிளஸ் முனையில் பல கார்களில் 6 முதல் 9 வோல்ட்தான் கிடைக்கும். அந்த முனையில் 2 ஆம்பியர் இழுக்கும் சோக்கையும் மாட்டினால், அதே ரெசிஸ்டரில் இன்னும் 2, 3 வோல்ட் விழும். சோக் சூடாகாது, சொலினாய்டு இழுக்காது, ஸ்பார்க்கும் மெலியும். காயில் முனையிலிருந்து வேறு எதற்கும் மின்சாரம் எடுக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருப்பது இதனால்தான்.

மல்டிமீட்டரின் கறுப்பு ஒயரை பேட்டரி மைனஸில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, சொலினாய்டு முனையை அளந்து பாருங்கள். என்ஜினை நிறுத்தி, ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால் ஏமாந்துபோகலாம். ரெசிஸ்டரில் மின்சாரம் எதுவும் ஓடாதபோது அதன் மறுமுனையிலும் முழு 12 காட்டும். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அந்த இணைப்பு ஆகாது.

பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயரை ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) 30-ஆம் முனைக்குக் கொண்டுவாருங்கள். சாவி 'ஆன்' நிலையிலும் செல்ஃப் அடிக்கும்போதும் மின்சாரம் தரும் ஒயரை 86-இல் மாட்டி, 85-ஐ எர்த் செய்யுங்கள். 87-இலிருந்து சோக்குக்கு ஒரு ஒயர், சொலினாய்டுக்குத் தனி ஒயர். சொலினாய்டு பெரும்பாலும் 1 ஆம்பியருக்குள் இழுப்பதால் 1 சதுர மி.மீ. ஒயரும் 3 ஆம்பியர் ஃபியூஸும் போதும்.

ஒயரை மாட்டிய பின் என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, சொலினாய்டு முனையை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். 'டிக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்த இடத்தில் சிறு பொறி பறக்கும் என்பதால் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். மின்சாரம் சரியாக வந்தும் சத்தம் இல்லையென்றால் எர்த்தைப் பாருங்கள். கார்புரேட்டர் மின்சாரம் கடத்தாத ஃபைபர் ஸ்பேசர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சில நேரங்களில் துருப்பிடித்த நட்டுகள் வழியாக மட்டுமே அதற்கு எர்த் கிடைக்கும். கார்புரேட்டர் திருகு ஒன்றிலிருந்து என்ஜின் பிளாக்குக்குத் தனி ஒயர் கொடுத்தால் அந்தச் சந்தேகமே தீரும். ஒற்றை முனை உள்ள சில சோக்குகளும் மூடியின் உலோகம் வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. அவற்றில் மூடிக்கு அடியில் கேஸ்கெட் வைத்தால் சோக் வேலை செய்யாது.

ஸ்பார்க் அதன் பிறகும் மெலிவாக இருந்தால் காயில் ஒயர்களைக் கழற்றி பிளஸ்–மைனஸ் இடையே அளவெடுங்கள். 3 ஓம் அளவில் காட்டினால் அது பேலஸ்ட் வேண்டாத காயில், நேரடி 12 வோல்ட் கொடுங்கள். 1.5 ஓம் என்றால் பாயின்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரோடு பேலஸ்ட் கட்டாயம். இல்லாவிட்டால் பாயின்ட் கருகும், காயில் கொதிக்கும்.

கேள்வி: என்ஜின் மாற்றிய பிறகு சாவியைத் திருப்பி எடுத்தாலும் வண்டி நிற்பதில்லை.

பதில்: எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். தட்டுத்தடுமாறி, குலுங்கி, சில நொடிகளில் நின்றால் அது ஸ்பார்க் இல்லாமல் சூட்டினால் தானே எரிவது. ஐடில் வேகம் அதிகமாக இருப்பதும், கட்-ஆஃப் சொலினாய்டு நேராக பேட்டரியில் மாட்டப்பட்டிருப்பதும் வழக்கமான காரணங்கள். சாவியை எடுத்ததும் அந்த ஒயரில் 0 வோல்ட் காட்ட வேண்டும்.

வழக்கம்போல் சீராக ஓடிக்கொண்டே இருந்தால் இக்னிஷனுக்கு எங்கிருந்தோ மின்சாரம் திரும்பி வருகிறது. புது என்ஜினோடு வந்த, உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள ஆல்டர்னேட்டரை முதலில் சந்தேகப்படுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது அதன் சிறிய கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து உடனே சாவியை எடுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். சார்ஜ் விளக்குக்குப் போகும் அந்த ஒயரை யாரோ நேராக இக்னிஷனில் சேர்த்திருப்பார்கள். இடையில் விளக்கு இருக்க வேண்டும். அதோடு வரிசையில் 1என்4007 டயோடு ஒன்றையும், கோடு உள்ள முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்குமாறு சேருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையையோ ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரையோ எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் நிற்கிறது.

பதில்: செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு பேலஸ்ட்டைத் தாண்டி நேரடி மின்சாரம் போகிறது. சாவியை விட்டதும் பேலஸ்ட் வழிக்கு மாறுகிறது, அந்த வழி அறுந்திருக்கிறது. ரெசிஸ்டரின் இரு முனைகளையும் அளந்தால் தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, சாவியை விடும் நொடியில் மட்டும் பிடித்தால், செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் நின்றுபோகும் ஒயரில் காயிலை மாட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது. கார்புரேட்டரில் கோளாறா?

பதில்: இல்லை. என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறார்கள். என்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் இருப்பதால், செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேபிள் வழியாகத் திரும்புகிறது. கேபிள் உருகி ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் பெரும் ஆபத்து. பட்டையை மாட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள். தடித்த பட்டையைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அளவெடுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: இறக்கிய என்ஜினின் கார்புரேட்டரில் ஏழெட்டு ஒயர்கள். கம்ப்யூட்டர் பழைய காரிலேயே போய்விட்டது. எதை எங்கே சேர்ப்பது?

பதில்: அது கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஃபீட்பேக் கார்புரேட்டர். காற்று–பெட்ரோல் கலவையை மாற்றும் சொலினாய்டுக்கு நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டு சிக்னல் போக வேண்டும். நிரந்தர 12 வோல்ட் கொடுத்தால் கலவை ஒரு பக்கமே நிற்கும், சொலினாய்டும் சூடேறிக் கெட்டுவிடும். எதையும் கொடுக்காமல் விட்டால் பல மாடல்களில் பெட்ரோல் அதிகமாகிவிடும். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பேட்டரியில் தொட்டுப் பார்ப்பது இன்னும் மோசம். த்ராட்டில் சென்சார் புகைந்துவிடும். கம்ப்யூட்டர், ஆக்ஸிஜன் சென்சார், லூம் மூன்றையும் அந்தக் காரிலிருந்தே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் அதே மேனிஃபோல்டில் உட்காரும், ஃபீட்பேக் இல்லாத கார்புரேட்டருக்கு மாறுங்கள். நடுவழி ஒன்றையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸும் (ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளுவது) கம்ப்யூட்டர் கையில் இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்பை ஆயில் லைட் சுவிட்ச் வழியாக இணைக்கலாமா?

பதில்: அந்தச் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்வது. ஆயில் அழுத்தம் இல்லாதபோது இணைக்கும், வந்ததும் துண்டிக்கும். பம்ப்புக்கு வேண்டியது அழுத்தம் வந்தால் இணைக்கும் மூன்று முனைச் சுவிட்ச். செல்ஃபிலிருந்து ஒன்று, இக்னிஷனிலிருந்து ஒன்று, மூன்றாவது பம்ப் ரிலேயின் 86-க்கு. செல்ஃப் அடிக்கும்போது முதல் வழியில் பம்ப் ஓடும். அழுத்தம் ஏறியதும் இரண்டாவது வழி எடுத்துக்கொள்ளும். விபத்தில் என்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும்.

பம்ப்பின் அழுத்தத்தையும் பாருங்கள். பல சிறிய கார்புரேட்டர்களுக்கு 2.5 முதல் 4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் அதைப்போல் பத்து மடங்கு தள்ளக்கூடியது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசி அதைத் தாங்காமல் பெட்ரோல் பொங்கி, சூடான மேனிஃபோல்டில் வழியும்.