பெட்டியின் சாவி யாரிடம்?

கேள்வி: சிறைகளில் புகார்ப் பெட்டி வைத்தால், கைதிகள் பொய்ப் புகார் எழுதி வார்டர்களை மிரட்டத்தானே வழி? தண்டனை அனுபவிக்கப் போனவர்களுக்கு நியாயம் என்ன வேண்டிக் கிடக்கிறது?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. தண்டனை பெற்றவருக்கும் நீதிமன்றம் விதித்தது சிறைவாசம்தான். அடி உதை அதில் சேர்த்தி இல்லை.

1979-ல் திகார் சிறையில், பார்க்க வரும் உறவினர்களிடம் பணம் கறப்பதற்காக ஒரு கைதியைத் தலைமை வார்டர் கொடூரமாகச் சித்திரவதை செய்தார். அங்கே மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இதை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். அந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்புதான் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னது. மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோர் உத்தரவின்படி அது பராமரிக்கப்பட வேண்டும். எல்லாக் கைதிகளும் அதில் புகார் போட வழி இருக்க வேண்டும் என்றது. சாவி சிறைக்காரர் இடுப்பிலேயே தொங்கினால் யார் அதில் சீட்டுப் போடுவார்கள்? புகார் சொல்லப்பட்டவர்தானே அன்றிரவு லாக்கப்பைப் பூட்ட வருவார்? பெட்டி காலியாக இருப்பதைக் காட்டி 'இங்கே குறையே இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பொய்ப் புகாரும் வரும்தான். காவல் நிலையத்துக்கும் வருகிறது, அதற்காக ஸ்டேஷனை மூடுகிறோமா? வெளி ஆள் விசாரித்தால் பொய் வெளுத்துவிடும். நேர்மையான வார்டருக்கும் அதுதான் பாதுகாப்பு. அப்புறம், கைதிகள் எல்லா வார்டர்களையும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. கறாரானவரைக்கூட 'நியாயமான ஆளு' என்பார்கள். ஒரே விதியை ஆள் பார்த்து வளைப்பவரைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை.

இங்கிலாந்தில், மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 1990 ஏப்ரலில் 25 நாள் கலவரம் நடந்தது. விசாரித்த நீதிபதி வுல்ஃப், கைதிகளிடமும் ஊழியர்களிடமும் கடிதம் கேட்டு வாங்கிப் படித்தார். தங்களை நியாயமாக நடத்தவில்லை என்ற கைதிகளின் குமுறலும் அந்தக் கலவரத்துக்கு ஒரு காரணம் என்று 1991-ல் அறிக்கை தந்தார். கைதியைப் பாதிக்கும் எந்த முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டும், புகாரின் கடைசிக் கட்டத்தைச் சிறைத்துறைக்கு வெளியே உள்ள ஒருவர் பார்க்க வேண்டும் என்றார். 1994-ல் அங்கே சிறைகளுக்கு ஆம்புட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் வெளி அதிகாரி, வந்தார்.

ஆகவே பெட்டி வேண்டுமா என்று கேட்காதீர்கள். அதைத் திறப்பது யார், எழுதியவருக்குக் காரணத்தோடு பதில் போகிறதா என்று கேளுங்கள்.