ஓர்கன் வாசித்தவர் அப்பா, கையெழுத்துப் போடுவது நீங்கள்

கேள்வி (உவர்மலை, திருகோணமலை): 1974இல் அப்பாவின் குழு வெளியிட்ட ஜாஸ் ஓர்கன் இசைத்தட்டை ஜேர்மன் கம்பனி ஒன்று மீள்வெளியீடு செய்யக் கேட்கிறது. முற்பணம் 1,500 யூரோ. ட்ரம்ஸ் வாசித்தவர் மாஸ்டர் நாடாவை ஒளித்துவைத்து, அப்பாவுக்கு ஒரு சதமும் கொடுக்காத மனிதர். இன்னும் இங்கேதான் இருக்கிறார். நான் மட்டும் கையெழுத்திட்டால் போதாதா?

பதில்: போதாது.

நாடாக் கதைக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள்தான். உங்கள் தட்டுக்கு அது 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. நாடா யார் வீட்டில் கிடந்தால் என்ன? (ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் காலம் 70 ஆண்டு. நம் தட்டுக்கு அது பொருந்துமா என்பதை அந்தக் கம்பனியின் சட்டத்தரணி பார்க்கட்டும்.)

ஒலிப்பதிவின் உரிமை வேறு, மெட்டின் உரிமை வேறு. மெட்டின் உரிமை இன்னும் ஓடுகிறது. அதற்கு எனக்கு வேண்டியது நீங்கள் அனுப்பிய, தட்டின் லேபல் படம். ஆறு உருப்படிகளில் நான்கு அமெரிக்க மெட்டுகள். அவற்றுக்கு அனுமதி எடுப்பது கம்பனியின் வேலை, அதையும் எழுத்தில் வாங்குங்கள். மற்ற இரண்டின் கீழே "இசை" என்று அப்பாவின் பெயரும் ட்ரம்ஸ்காரரின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. மறுத்து நிரூபிக்கும்வரை, பெயர் போட்டவரையே ஆக்கியோர் என்று சட்டம் கொள்ளும். "அவர் சும்மா தட்டினார், மெட்டெல்லாம் அப்பாவுடையது" என்கிறீர்கள். 50 வருடத்துக்குப் பிறகு அதற்குச் சாட்சி யார்? இன்னொன்று: கூட்டுப் படைப்பின் உரிமை, கடைசியாக இறக்கும் ஆக்கியோருக்குப் பின் 70 ஆண்டு ஓடும். ஆகவே அவர் நூறு வயதுவரை இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் லாபம்.

காலம் கடந்துவிட்டது, இனி அவர் கேட்கமாட்டார் என்றும் நினைக்காதீர்கள். புரோகோல் ஹாரம் என்ற பிரித்தானிய ராக் குழுவின் 1967ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாட்டில் ஹமண்ட் ஓர்கன் வாசித்த மத்தியூ ஃபிஷர், 38 வருடம் கழித்து 2005இல் பங்கு கேட்டார். 2009இல் பிரித்தானிய பிரபுக்கள் சபை 40 சதவீதம் அவருக்கே என்றது. அங்கே ஓர்கன்காரர் வந்தார், இங்கே ட்ரம்ஸ்காரர் வரலாம். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்.

இனி ஒப்பந்தத்தின் ஒன்பதாவது வாசகம். "உரிமை முழுவதும் என்னுடையது, வேறெவராவது கோரினால் வரும் நட்டத்தை நானே ஈடுசெய்வேன்." என் கட்சிக்காரர்கள் முற்பணத் தொகையை இரண்டு தரம் எண்ணிப் பார்ப்பார்கள், இந்த வரியை ஒரு தரமும் வாசிக்கமாட்டார்கள். ஒருவர் சகோதரிக்குச் சொல்லாமல் இப்படிக் கையெழுத்துப் போட்டார். பாட்டுகள் வெளியாகி இரண்டாம் மாதம் சகோதரி கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். கம்பனி விற்பனையை நிறுத்தி, அச்சுச் செலவு, விளம்பரச் செலவு, தன் சட்டத்தரணியின் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவருக்குக் கணக்கு அனுப்பியது. வாங்கிய முற்பணத்தைப் போல ஆறு மடங்கு. உங்கள் ஒப்பந்தத்தில் வழக்கு நடக்கும் இடம் ஹம்பேர்க். ட்ரம்ஸ்காரர் இங்கே வழக்குப் போட்டாலும் திருகோணமலையில் முடியாது. கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குத் தவணைக்குத் தவணை இரவு பஸ் ஏற வேண்டும்.

உங்கள் வீட்டுக்குள்ளும் இதே சிக்கல்தான். அப்பா மரணசாசனம் எழுதவில்லை. பொதுச் சட்டப்படி அவர் பங்கில் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி உங்களுக்கும் கனடாவிலிருக்கும் அக்காவுக்கும். இதில் நீங்கள் மட்டும் "முழு உரிமையாளர்" ஆவது எப்படி?

ட்ரம்ஸ்காரரிடம் போங்கள். நாடாவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அந்த இரண்டு உருப்படிக்கும் வருவதில் சரிபாதி என்று எழுதி, அவர், அம்மா, அக்கா, நீங்கள் நால்வரும் கையெழுத்திடுங்கள். ஒன்பதாவது வாசகத்தின் ஈட்டை, நீங்கள் உண்மையில் வாங்கிய தொகைக்கு மேல் போகாதபடி திருத்தச் சொல்லுங்கள். கம்பனி மறுத்தால் கையெழுத்திடாதீர்கள். அவருக்குச் சரிபாதி கொடுக்க மனம் வராவிட்டாலும் அதே பதில்தான்.