கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தியதும் கணினி இயங்கவில்லை: பழுது எதில்?

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரு நிறுவனம் முழுதாகச் சேர்த்து விற்ற டெஸ்க்டாப். ஏழு ஆண்டுகளாகத் தொந்தரவு இல்லை. அண்மையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தினேன். பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகள் ஓரிரு நொடி சுற்றி நின்றுவிடுகின்றன. பிறகு தாமாகவே மறுபடி சுற்றி நிற்கின்றன. திரையில் எதுவும் வருவதில்லை. கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. கார்டுக்கு 8 முனை மின் இணைப்பு வேண்டும். என் பவர் சப்ளையில் அந்தக் கேபிள் இல்லாததால், இரண்டு சாட்டா மின் கேபிள்களை ஒன்றாக்கி மாட்டும் அடாப்டர் ஒன்றைக் கடைக்காரரே கொடுத்தார். கார்டு பழுது என்கிறேன் நான். கணினி பழையது என்கிறார் அவர். திருப்பிக் கொடுக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக அந்த அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். கார்டை வைத்துக்கொண்டாலும் திருப்பிக் கொடுத்தாலும் அதை மறுபடி மாட்ட வேண்டாம். சாட்டா மின் இணைப்பு டிஸ்க்குகளுக்காக வந்தது. 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரைதான் அது தாங்கும். இரண்டைச் சேர்த்தால் 108. ஆனால் 8 முனை இணைப்பின் வழியாக ஒரு கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். அந்த மெல்லிய முனைகள் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, கணினியே எரிந்துபோகக்கூடும். விவரம் அறியாதவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புவது பொறுப்பற்ற வேலை.

அடுத்து, உங்கள் கணினி காட்டும் அறிகுறி. விசிறி சுற்றி, நின்று, மறுபடி சுற்றுவது பெரும்பாலும் மின்சாரம் சம்பந்தப்பட்ட கோளாறு. பவர் சப்ளையில் உள்ள பாதுகாப்பு அமைப்பு எதையோ தாங்காமல் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள், கார்டை ஏற்கவில்லை என்றால் பொதுவாக விசிறிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் வராது. வெறும் வாட் பற்றாக்குறை என்றால், கார்டு முழு வேகத்தில் உழைக்கும்போதுதான், அதாவது கேம் எதையாவது திறக்கும்போதுதான், கணினி திடீரென்று அணையும். பட்டனை அழுத்திய உடனே துண்டிக்கிறது என்றால் அடாப்டரிலோ கார்டிலோ ஷார்ட் சர்க்யூட் இருக்கலாம்; பவர் சப்ளை மிகவும் தளர்ந்திருக்கவும் கூடும். ஆகவே நீங்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம், கடைக்காரர் சொல்வதும் சரியாக இருக்கலாம். வாய்ப்பேச்சில் இது தீராது.

தீர்க்கும் வழி ஒன்றுதான். 8 முனை கேபிள் முறையாக உள்ள வேறொரு கணினியில், உங்கள் கண் முன்னால், கார்டைப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். படம் வந்தால் மட்டும் போதாது. கனமான கேம் ஒன்றை அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். இதைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் செய்துவிடுங்கள். முடிவைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கார்டு அங்கேயும் இயங்காவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, மாற்றித் தர வேண்டும். இயங்கினால், பழுது என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். ஆனால் வாங்கும்போதே கணினியின் மாடலைச் சொல்லி, அவர்தான் இந்தக் கார்டையும் அடாப்டரையும் பரிந்துரைத்தார் என்றால், பொருந்தாத பொருளை விற்றார் என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, பெட்டியைத் திறந்து பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் உள்ள மொத்த வாட்டை நம்ப வேண்டாம். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால் 12-ஆல் பெருக்க, 192 வாட். இதில் பிராசஸருக்கு 65 வாட் போனால் மீதி 127. உங்கள் கார்டோ 8 முனை வழியாக 150, மதர்போர்டில் அது செருகப்படும் ஸ்லாட் வழியாக 75, ஆக 225 வாட் வரை கேட்கக்கூடிய வகை. கணக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

ஆகவே இரண்டில் ஒன்று. தனி மின் கேபிளே தேவைப்படாத, ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கணினிக்கு நான் இதையே சொல்வேன். இல்லையென்றால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: நிறுவனத் தயாரிப்புகள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் மதர்போர்டு இணைப்பும் வழக்கமானவை அல்ல. பொது ஏடிஎக்ஸ் வகை 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், மதர்போர்டில் 24 முனை. உங்களுடையது வேறாக இருந்தால் வாங்கியது வீணாகும். புதியது கழற்றி மாட்டும் கேபிள் கொண்டதாக இருந்தால், அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். முனை ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறும், டிஸ்க் கருகிவிடும்.

கேள்வி: கார்டைப் பொருத்தியபின் படம் தெளிவாக வருகிறது. ஆனால் பூட் செய்ய டிஸ்க் இல்லை என்கிறது. கார்டைத் திருப்பித் தரலாமா?

பதில்: வேண்டாம், படம் வருகிறது என்றால் கார்டு தன் வேலையைச் செய்கிறது. கார்டை அழுத்தும்போது டிஸ்க்கின் கேபிள் நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி நடப்பது இதுதான். அடுத்து, சில மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டில் கார்டு ஏறினால் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா வாயில் ஒன்றோ, சிறிய எஸ்எஸ்டி டிஸ்க் செருகும் எம்.2 ஸ்லாட்டோ செயலிழக்கும்; கையேட்டில் எழுதியிருப்பார்கள். கார்டை முதல் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். இரண்டும் சரி என்றால் பயாஸைத் திறந்து, சிஎஸ்எம் என்ற, பழைய முறையில் பூட் செய்ய உதவும் அமைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் நிறுவப்பட்டிருந்தால், சிஎஸ்எம் அணைந்த நிலையில் அந்த டிஸ்க்கிலிருந்து எழாது. சிஎஸ்எம்மை மறுபடி இயக்குங்கள். சிக்கல் தீரும்வரை டிஸ்க்கை ஃபார்மேட் செய்யச் சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.