'வாய்தா' என்றால் என்ன? அது தமிழ்ச் சொல்லா?

உங்களுக்கும் ஏதோ கேஸ் ஓடுகிறது போல. இல்லாதவர் இந்தச் சொல்லைத் தேடி வரமாட்டார்.

கோர்ட்டில் ஒரு கேஸை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைப்பதுதான் வாய்தா. அது தமிழ் இல்லை. 'வாய்', 'தா' என்று பிரித்து, வாயால் தரும் வாக்கு என்று சிலர் விளக்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூலம் அரபி. அதிலும் அர்த்தம் வாக்குறுதிதான்! உருதுவில் இன்றைக்கும் 'வாதா' என்றால் கொடுத்த வாக்கு. வேலூர் கஸ்பா பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நவாப் ஆண்ட ஆற்காட்டுச் சீமைக்காரனுக்கு வக்கீல், அமீனா, ஜப்தி மாதிரி இதுவும் வீட்டுச் சொல். கிஸ்தி கட்டும் தவணைக்கும் வாய்தா என்பார்கள்.

'ஒத்திவைப்பு என்று நல்ல தமிழில் சொல்லக்கூடாதா' என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சட்டசபையைத் தேதி குறிப்பிடாமலும் ஒத்திவைக்கலாம். வாய்தா என்றால் தேதி போட்டாக வேண்டும். ஆங்கில அட்ஜர்ன்கூட, குறித்த நாளுக்குத் தள்ளுவது என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

எனக்கு இது பழகியது கிணற்றுப் பங்குக்காகப் பெரியப்பா என் நைனா (அப்பா) மேல் போட்ட கேஸில். டவாலி (கோர்ட் சேவகர்) பெயர் கூப்பிடுவார். பெரியப்பாவின் வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார். ஒரு தேதி விழும், குமாஸ்தா டைரியில் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். சிவில் நடைமுறைச் சட்டம் 17ஆம் கட்டளைப்படி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 வாய்தாவுக்கு மேல் கிடையாது. சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில், தவிர்க்க முடியாத நிலைமை என்றால் அதற்கு மேலும் தரலாம் என்று 2005இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வக்கீல்கள் சண்டைக்கு வரவேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை.

திரும்பும்போது பெரியப்பாவும் நாங்களும் ஒரே கணியம்பாடி பஸ்தான். கூட்டத்தில் அவர் நின்றால் அவருடைய கேஸ் கட்டுப் பையை நான்தான் வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். நைனாவோடு மட்டும் பேசமாட்டார். எனக்குக் கடுப்பெல்லாம் சொந்தக்காரர்கள் மேல்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால் வாசலிலேயே நின்று, 'அவங்களும் வருவாங்க, உங்களுக்குப் பரவாயில்லையா?' என்பார்கள். ஒரே பஸ்ஸில் வந்துபோகிற எங்களுக்கு ஒரே பந்தியில் உட்காரத் தெரியாதா?