கப்பல் நிற்கும் ஒரு பகலில் பாய்மரப் பந்தயம்: பழக்கமில்லாதவர் என்ன வேலை கேட்டு வாங்கலாம்?

கேள்வி: பிப்ரவரியில் மியாமியிலிருந்து கிளம்பும் கரீபியன் உல்லாசக் கப்பலில் நானும் மனைவியும் போகிறோம். கப்பல் சின்ட் மார்ட்டன் தீவில் ஒரு பகல் நிற்கிறது. அங்கே 'அமெரிக்கா கோப்பை' என்ற பெரிய பாய்மரப் பந்தயத்தில் ஓடிய படகுகளில் பயணிகளே கயிறு இழுத்துப் போட்டியிடும் சுற்றுலா உண்டு என்கிறார்கள். எனக்கு வயது 54, இடது முழங்காலில் தேய்மானம், நீச்சல் அரைகுறை. பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. மனைவிக்குப் பேருந்தில் போனாலே தலை சுற்றும். நாங்கள் போகலாமா? எப்படித் தயாராவது?

பதில்: இருவரும் போகலாம். படகு ஓட்டத் தெரியாதது இதில் தடையே இல்லை. ஒன்றும் தெரியாதவர்களைக் கொண்டே பந்தயம் நடத்தும் ஏற்பாடு இது. சுக்கானில் படகுத் தலைவரும், கூடவே தேர்ந்த ஆட்களும் இருப்பார்கள். மற்ற வேலைகளைப் பயணிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, கரையிலேயே சிறிது நேரம் பயிற்சியும் தருவார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியவை உங்கள் முழங்காலும் மனைவியின் தலைசுற்றலும்தான். படகில் எந்த வேலையை, எந்த இடத்தைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டையும் சமாளிக்க முடியும்.

முதலில் படகைத் தெரிந்துகொள்ளுங்கள். சின்ட் மார்ட்டனின் பிலிப்ஸ்பர்க் நகரில் இதற்குப் பயன்படுத்துபவை '12 மீட்டர்' வகைப் படகுகள். இந்த 12 நீளத்தைக் குறிப்பதில்லை. நீளம், பாயின் பரப்பு, பக்கச்சுவரின் உயரம் போன்றவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டால் வர வேண்டிய விடை அது. படகின் உண்மை நீளம் சுமார் 20 மீட்டர். 1958 முதல் 1987 வரை அமெரிக்கா கோப்பைப் பந்தயம் இந்த வகையில்தான் நடந்தது. 1983-இல் 'ஆஸ்திரேலியா II' என்ற ஆஸ்திரேலியப் படகு வென்று, நியூயார்க் பாய்மரப் படகுச் சங்கம் 132 ஆண்டுகள் விடாமல் வைத்திருந்த கோப்பையைப் பறித்தது. நான்கே ஆண்டுகளில், 1987 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் கடலில் டென்னிஸ் கானர் தலைமையில் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' என்ற அமெரிக்கப் படகு 4-0 என்று வென்று அதை மீட்டது. அந்தப் படகே சின்ட் மார்ட்டன் சுற்றுலாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதில்தான் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்தால், அன்று அது ஓடுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். படகுகள் பழுதுபார்ப்புக்காகக் கரையேறுவது உண்டு.

படகு சரியும், அதிலும் காற்றை எதிர்த்து ஏறும்போது நன்றாகவே சரியும். முதல் தடவை ஏறுபவர் கவிழப் போகிறது என்றே நினைப்பார். கவிழாது. படகின் எடை 25 டன்னுக்குக் குறையாது. அதில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் ஈயக்கட்டி. சரிவு கூடக் கூட அந்த ஈயம் அதிக வலுவோடு படகை நிமிர்த்தும். ஆகவே கவிழ்வதைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, வழுக்குவதில் கவனம் வையுங்கள். ஈரமான தளம், சாய்ந்த தளம், ஓரத்தில் உயரமான கைப்பிடி வேலி கிடையாது. இடம் மாறும்போதெல்லாம் ஒரு கை படகின் ஏதாவது ஓர் உறுதியான பாகத்தைப் பிடித்திருக்க வேண்டும். கயிறு உறுதியான பாகம் ஆகாது. இப்போது இறுகி நிற்கும் கயிறு அடுத்த நொடியில் தளர்ந்து ஓடும்.

இனி வேலைகள். அதிக பலம் கேட்பது கிரைண்டர். மார்பளவு உயரத் தூணின் இருபுறமும் எதிரெதிராக இருவர் நின்று, சைக்கிள் பெடல் போன்ற கைப்பிடிகளைச் சுற்ற வேண்டும். அந்தச் சுழற்சி கியர் வழியாக, கயிற்றைச் சுற்றி இழுக்கும் 'விஞ்ச்' என்ற உருளைக்குப் போய்ப் பாய்க்கயிற்றை இழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் பத்து இருபது நொடி மூச்சுமுட்ட உழைப்பு, பிறகு ஓய்வு. கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும் என்பதால் இது உங்களுக்கு வேண்டாம். இதய நோய், குடலிறக்கம், தோள்பட்டை வலி உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். கிரைண்டரை ஒரு பக்கம் சுற்றினால் வேகமான கியர், எதிர்ப்பக்கம் சுற்றினால் பலமான கியர். முதலில் வேகம், கயிறு கனக்கத் தொடங்கியதும் திசையை மாற்றுவது. இணையில் ஒருவர் மட்டும் மாற்றினால் கைப்பிடி மற்றவர் மணிக்கட்டை உதைக்கும். அதனால் மாற்றுமுன் குரல் கொடுத்தே மாற்றுவார்கள்.

உங்களுக்கு ஏற்றது நேரக் காப்பாளர் வேலை. பலருக்கு இது ஒப்புக்குக் கொடுத்த வேலையாகத் தோன்றும், அது தவறு. பாய்மரப் பந்தயத்தில் படகுகள் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதில்லை. கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருந்து, சங்கு ஒலிக்கும் கணத்தில் முழு வேகத்தோடு கோட்டைத் தொட வேண்டும். ஐந்து நொடி முந்தினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். ஐந்து நொடி பிந்தினால் எதிராளி முன்னால் போய்விடுவார். சுக்கான் பிடிப்பவர் கண் கோட்டிலும் எதிர்ப்படகிலும் இருக்கும், கடிகாரத்துக்கு உங்கள் குரல்தான். கடைசி ஒரு நிமிடத்தை முதலில் பத்துப் பத்தாக, கடைசிப் பத்து நொடியை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லுங்கள். காற்றில் குரல் பின்னால் அடித்துப் போகும் என்பதால் சுக்கானைப் பார்த்துத் திரும்பி நின்று சொல்ல வேண்டும். புறப்பாடு முடிந்த பிறகு பெரிய பாயின் கயிற்றில் உதவி கேட்டு வாங்கலாம். அதைக் காலை ஊன்றி உட்கார்ந்தபடியே செய்யலாம்.

கயிற்று வேலை எது கிடைத்தாலும், காற்றுக்கு எதிராகத் திரும்பும் அந்த அரை நிமிடத்தைப் புரிந்துகொண்டு போவது நல்லது. காற்று வரும் திசைக்கே நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. காற்றுக்குச் சுமார் 40 பாகை விலகி ஒரு பக்கம், பிறகு திரும்பி மறுபக்கம் என்று வளைந்து வளைந்துதான் ஏறும். தலைவர் "தயாரா?" என்று கேட்பார். இதுவரை இழுபட்டிருந்த முன்பாய்க் கயிற்றின் பொறுப்பாளர், விஞ்சில் சுற்றியிருக்கும் சுருள்களை அவிழ்க்க ஆயத்தமாவார். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் தளர்ந்த கயிற்றை விஞ்சில் கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு சுற்று போட்டு வைத்திருப்பார். படகின் முனை காற்றைக் கடந்து, முன்பாய் படபடத்து உட்பக்கம் மடங்கியதும் பழைய கயிற்றை முழுவதும் விட வேண்டும். முந்தி விட்டால் படகு வேகமிழந்து காற்றுக்கு நேரே நின்றுவிடும். பிந்தி விட்டால் பாய் தவறான பக்கம் இறுகிப் படகைப் பின்னுக்குத் தள்ளும். விட்ட நொடியில் எதிர்ப்பக்கம் கைமாற்றி கைமாற்றி இழுக்கத் தொடங்கும், கனம் ஏறியதும் மூன்றாவது, நான்காவது சுற்றைப் போடும், கிரைண்டர்கள் முடித்துக் கொடுப்பார்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஆரம்பத்திலேயே நான்கு சுற்று போட்டுவிடுவது. தளர்ந்த கயிறு வேகமாக வரும்போது ஒரு சுருள் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கனம் வந்ததும் அது பூட்டு விழுந்தாற்போல இறுகும். அடுத்த திருப்பத்தில் அந்தப் பாயை விடவே முடியாது. அப்படி நடந்தால் விரலால் நெம்பப் போகாதீர்கள். 'ஓவர்ரைடு' என்று கத்துங்கள், ஆட்கள் வேறு கயிற்றில் கனத்தை மாற்றி விடுவிப்பார்கள். அந்தக் கயிற்றின் இழுவை டன் கணக்கில் இருக்கும், விரலைப் பறித்துவிடும். எப்போதும் கையை உருளையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளியே வையுங்கள். சிறிது தளர்த்தச் சொன்னால் ஒரு உள்ளங்கையைச் சுருள்களின் மேல் தட்டையாக அழுத்தி, மற்றக் கையால் அங்குலம் அங்குலமாக விட வேண்டும்.

பாய்மரத்தைப் பின்னாலிருந்து தாங்கும் கயிறுகளையும் ஒவ்வொரு திருப்பத்திலும் மாற்றிக் கட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் மரமே முறியலாம். அந்த வேலையைப் பயணி ஒருவர் கையில் கொடுத்தாலும் ஆட்களில் ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். முதல் தடவை வருபவர் அதைக் கேட்டு வாங்காமல் இருப்பதே நல்லது.

பந்தயத்தைப் பார்த்து ரசிக்க மூன்று விதிகள் போதும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கக் காற்றில் உரசிப் போனால் காற்று வரும் பக்கத்தில் இருப்பது ஒதுங்க வேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதைத் தடுக்கக் கூடாது. எதிராளி உங்களுக்குக் காற்று வரும் பக்கத்தில் வந்து நின்றால், அவர் பாயிலிருந்து கலங்கி வரும் காற்றுதான் உங்களுக்குக் கிடைக்கும், படகு சோர்ந்துவிடும். தலைவர் திடீரென்று "திருப்பு" என்பது பெரும்பாலும் அந்தக் கலங்கல் காற்றிலிருந்து தப்பத்தான்.

இனி மனைவிக்கு. பிப்ரவரியில் அங்கே வீசுவது கிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று, நம் கடற்கரையில் கொண்டல் என்கிற திசை. பிலிப்ஸ்பர்க் தீவின் தெற்குக் கரையில் இருப்பதால் கிழக்கிலிருந்து வரும் பெரிய அலை நிலத்தில் தடுபட்டுவிடும். காற்று பலமாக இருந்தாலும் கடல் ஓரளவு சமமாக இருக்கும். தலைசுற்றுபவருக்கு இது நல்ல இடம். படகின் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில், முகத்தில் காற்று படும்படி உட்காரட்டும். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். கைப்பேசித் திரையைப் பார்ப்பதும் குனிந்து பையைத் துழாவுவதும் குமட்டலை வரவழைக்கும். தளத்துக்குக் கீழே இறங்கவே வேண்டாம். காற்றோடு போகும் கட்டத்தில் கவனம் கூட வேண்டும். அப்போது படகும் காற்றும் ஒரே திசையில் போவதால் காற்றே இல்லாததுபோல் புழுங்கும், படகும் உருளும். அந்த நேரத்தில் சிறு மடக்காகத் தண்ணீர் குடிப்பது உதவும்.

மாத்திரை எடுப்பதானால் குமட்டல் தொடங்கிய பிறகு பயனில்லை. மெக்லிசின் என்றால் ஒரு மணி நேரம் முன்பு, அவோமின் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. இரண்டாவது அதிகத் தூக்கம் தரும். அதனால் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பந்தயம் முடிந்ததும் ரம் பஞ்ச் கொடுப்பது அங்கே வழக்கம். மாத்திரை எடுத்தவர் அதைத் தொட வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், கப்பல் விருந்தை முழுக்க உண்டும் போகாதீர்கள். இட்லி அளவு உணவு சரியாக இருக்கும், கப்பலில் ரொட்டியும் வாழைப்பழமும் கிடைக்கும்.

உடுப்பில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். துப்பட்டா, தளர்ந்த சால்வை, விரித்த கூந்தல் எதுவும் விஞ்ச் அருகே கூடாது, சுழலும் உருளை இழுத்துக்கொள்ளும். மோதிரத்தைக் கழற்றி அறைப் பெட்டகத்தில் வையுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லையென்றால் கழுத்து மூடிய சட்டைக்குள் இருக்கட்டும். கைப்பேசியைக் கழுத்தில் மாட்டாமல் ஜிப் வைத்த பையில் போடுங்கள். தளத்தில் கறை விடாத ரப்பர் அடியுள்ள காலணி வேண்டும். செருப்பு நழுவும், வெறுங்கால் தளத்து இரும்பில் இடித்து விரல் பிளக்கும். சைக்கிள் ஓட்டுபவர்களின் அரைவிரல் கையுறை கயிற்றுக்கு நன்றாகவே போதும். வெயில் களிம்பை அரை மணி நேரம் முன்பே பூசுங்கள். உள்ளங்கையிலும் தொடையின் பின்புறத்திலும் மட்டும் பூசாதீர்கள், கயிறும் இருக்கையும் வழுக்கும். பந்தயப் படகில் நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம் ஆகலாம் என்று கணக்கிட்டுக் கிளம்புங்கள்.

நீச்சல் அரைகுறை என்பதைக் கரையிலேயே சொல்லி, உயிர்காப்பு அங்கியை வாங்கி அங்கேயே அணிந்துகொள்ளுங்கள். கடலில் போய்க் கேட்டால் அவர்கள் கை வேலையில் இருக்கும். படகு துறையோடு ஒட்டி நிற்குமா, சிறு படகில் போய் மாறி ஏற வேண்டுமா என்பதையும் பதிவுக்கு முன் கேளுங்கள். ஆடும் படகிலிருந்து ஆடும் படகுக்கு ஏறும் அந்த ஓர் அடிதான் உங்கள் முழங்காலுக்கு இந்த நாளின் கடினமான அடி. நல்ல காலை முதலில் மேலே வைத்து, ஆட்கள் நீட்டும் கையின் மணிக்கட்டைப் பிடித்து ஏறுங்கள்.

பதிவைக் கப்பல் நிறுவனம் மூலமே செய்வது உங்களுக்கு நல்லது. வானிலையால் கப்பல் அந்தத் தீவைத் தவிர்த்துவிட்டால் பணம் திரும்பும். சுற்றுலா தாமதமானாலும் அதைச் சமாளிப்பது அவர்கள் பொறுப்பு. நேரில் பதிவு செய்தால் விலை குறையலாம். ஆனால் பிப்ரவரியில் கடிகார நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. சின்ட் மார்ட்டன் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் மியாமி அதற்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் மியாமி நேரத்திலேயே ஓடினால், தீவில் 9 மணிக்குச் சொன்ன சுற்றுலா கப்பல் கடிகாரத்தில் 8 மணி. கப்பலின் கடிகாரத்தை நம்பி 9 மணிக்குப் போனால் படகு போயிருக்கும். எந்த நேரம் என்று இரு பக்கமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடியும் சுற்றுலாவையே எடுங்கள்.

அமெரிக்க டாலர் அங்கே எல்லா இடத்திலும் செல்லும். படகு ஆட்களுக்கு அன்பளிப்பு கொடுக்கச் சில்லறை நோட்டுகளை நனையாத உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.